இரண்டு பூட்டு

"என் பூட்டைத் திறந்துட்டேன் சார். அந்தம்மா பூட்டுதான் பாக்கி." ரேஞ்சர் கையைப் பிசைந்தார். ஜீப்பில் படகுச் சவாரிக்கு வந்திருந்தவர் வனத்துறை டைரக்டரின் மச்சான் ஆயிற்றே.

சரணாலயத்து ஏரிக்குப் போகும் கேட்டில் இரண்டு பூட்டு. ஒரு சாவி அரசாங்கத்திடம். இன்னொன்று, காலங்காலமாக அந்தக் காட்டிலேயே வாழும் மக்களிடம். இரண்டும் திறந்தால்தான் வழி. காட்டை இரு தரப்பும் சேர்ந்து காப்பது என்று ஒப்பந்தம்.

மக்கள் தரப்புச் சாவிக்காரி கேட் ஓரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சாவி கழுத்தில் தொங்கியது.

"குஞ்சு பொரிக்கிற சமயம். படகுச் சத்தம் கேட்டா பறவைங்க கூட்டை விட்டுப் பறந்துடும். வெயில்ல முட்டை வெந்துடும். திறக்க மாட்டேன்."

மச்சான் ரேஞ்சரை முறைத்தார். "உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் இப்படித்தான் மறுத்தார். இப்ப எங்க இருக்கார்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதான் நான் திறந்துட்டேனே."

டைரக்டரே போனில் வந்து, பூட்டை உடைக்கச் சொன்னார். ரேஞ்சர் குழைந்தார். பூட்டை உடைத்தால் ஒப்பந்தத்தையே உடைத்த மாதிரி ஆகிவிடும், பேப்பரில் நாறிப்போகும் என்றார். பிறகு சாவிக்காரியின் பக்கம் திரும்பி எரிந்து விழுந்தார்.

"சாவி கொடுத்தாலும் கொடுத்தாங்க, உங்க ஆளுங்களுக்குத் தலைகால் புரியலை. இது என்ன உன் வீட்டுக் கொல்லையா?"

"கொல்லை இல்ல சார், வீடு."

பின்சீட்டில் இருந்த மச்சானின் மகள், காலேஜ் பெண், அதற்குமேல் பொறுக்கவில்லை.

"மேல இருக்கறவங்ககிட்ட வளையறீங்க, கீழ இருக்கறவங்க மேல பாயறீங்க. முதுகெலும்புன்னு ஒண்ணு இருக்கா சார் உங்களுக்கு?"

ரேஞ்சர் தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் மகளையும் சேர்த்துத் திட்டிவிட்டு ஜீப்பைத் திருப்பினார்.

புழுதி அடங்கியது. ரேஞ்சர் தன் பூட்டைத் திரும்பப் பூட்டினார். பிளாஸ்கைத் திறந்து டீயை ஊற்றி, முதல் டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ அக்கா?"

"தலைகால் புரியலைன்னது உறைச்சுதுங்க சார். 'யார் சொன்னாலும், நானே கத்தினாலும் திறக்காதீங்க'ன்னு காலையில நீங்க போன் பண்ணலைன்னா, நிஜம்னே நினைச்சிருப்பேன்."

டீயை ஊதிக் குடித்தாள்.

"நாளைக்கு என் தம்பி கூட்டாளிகளோட மீன் பிடிக்க வரேன்னு நிக்கிறான். கூடப் பிறந்தவன், முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல முடியலை. நான் என் பூட்டைத் திறந்துடுவேன்."

"புரியுது. நாளைக்கு நான் கெட்டவன்."

"ஆமா. எல்லார் முன்னாடியும் உங்களைத் திட்டுவேன். இன்னிக்குப் பாக்கியையும் சேர்த்து."