புள்ளி மூணு கிகாவாட்

“முதல்ல இந்த லாரியை எடு” என்றார் ராகவேந்திரன்.

வர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு தயாரித்த ஸ்லைடு அது.

“ஏன் சார், கணக்கு தப்பா?”

“கணக்கு சரி. லாரிதான் தப்பு.”

அடையாறில் உள்ள அந்த கன்சல்டன்சி கம்பெனியில் அவர் மேனேஜர், அவள் இன்ஜினீயர். ஈ.சி.ஆரில் பிரம்மாண்டமாக ஒரு டேட்டா சென்டர் வரப்போகிறது. கடல் தண்ணீரை உள்ளே இழுத்து, கம்ப்யூட்டர்களைக் குளிர வைத்து, சூடேறிய தண்ணீரைத் திரும்பக் கடலிலேயே விடுவார்கள். பக்கத்திலேயே மீனவர் குப்பம். அடுத்த வாரம் பாலவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

கடலுக்குப் போகும் வெப்பம் 0.3 கிகாவாட் என்று அறிக்கை சொன்னது.

“புள்ளி மூணுன்னா ஏதோ சுண்டைக்காய் சமாச்சாரம்னு நினைச்சுடுவாங்க சார். அதான் வெப்பக் கணக்குக்கு மாத்தினேன். மணிக்கு இருபத்தாறு கோடி கிலோகலோரி! பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரி முந்நூறை ஒவ்வொரு மணி நேரமும் கொதிக்க வைக்கிற சூடு. கரையோரம் ஒரு மீன் மிஞ்சுமா? இப்படிச் சொன்னாத்தானே அவங்களுக்குப் புரியும்?”

“புரிஞ்சுடுமேங்கறதுதான் க்ளையன்டோட கவலையே. கிகாவாட் மட்டும் இருக்கட்டும்.”

“அப்ப மேடையில நான் வாயால சொல்லிடறேன்.”

“யாரும் கேக்காம சொன்னா, அது உன் சொந்த அபிப்பிராயம்னு அவா வக்கீல் அடிச்சுடுவார். பதிவுல ஏறாது. ஜனங்க கேட்டா பதில் சொல்லு, சொல்லித்தான் ஆகணும். கேக்கலையா, வாயை மூடிண்டு உக்காரு.”

கிகாவாட்டைக் கிலோகலோரியாக மாற்றிச் சொல்லுங்கள் என்று குப்பத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? அது தெரிந்துதான் மனுஷன் பேசுகிறார். இத்தனை வருஷம் இன்ஜினீயராக இருந்துவிட்டு இப்படி ஜால்ரா அடிக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வேலை போனால் போகட்டும், சொல்லியே தீருவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

கூட்டத்தன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. வர்ஷினி ஸ்லைடுகளைக் காட்டி முடித்தாள். கேள்விகள் வந்தன.

“எங்க பசங்களுக்கு வேல குடுப்பீங்களா?”

“ரோடு போட்டுத் தருவீங்களா?”

எல்லாவற்றுக்கும் ‘நிச்சயமா’ என்று சிரித்த முகத்தோடு தலையாட்டினார் டேட்டா சென்டர் கம்பெனியின் வக்கீல். முதல் வரிசையில் ராகவேந்திரன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

“வேற கேள்வி இல்லேன்னா முடிச்சுக்கலாம்” என்றார் கூட்டத்தை நடத்திய அரசு அதிகாரி.

வர்ஷினி எழுந்து மைக்கைப் பிடித்தாள். விடுவதாக இல்லை.

“இரும்மா, நான் ஒண்ணு கேக்கணும்!”

கூட்டத்தின் நடுவிலிருந்து குப்பத்து மீன்காரி தேசம்மா எழுந்து நின்றாள்.

“புள்ளி மூணுன்னு இன்னாவோ போட்டுக்கீறியே, அத்த சூட்டுக் கணக்குல மாத்திச் சொல்லு. மணிக்கு எத்தினி லாரி தண்ணிய கொதிக்க வெக்கும்? கேட்டது தேசம்மான்னு எழுதிக்கச் சொல்லு.”

வர்ஷினியால் நம்ப முடியவில்லை. லாரிக் கணக்கை அவளையும் ராகவேந்திரனையும் தவிர யாரும் பார்த்ததில்லையே!

வக்கீல் துள்ளி எழுந்தார். அதிகாரி அவரைக் கையமர்த்தினார்.

“கேட்டிருக்காங்கல்ல? பதில் சொல்லுங்க.”

“முந்நூறு லாரி” என்றாள் வர்ஷினி. “ஒவ்வொரு மணி நேரமும்.”

அதன்பிறகு மண்டபத்தில் கிளம்பிய கூச்சலில் வக்கீல் பேசியது யார் காதிலும் விழவில்லை. கேள்வியையும் பதிலையும் பதிவு செய்யச் சொன்ன அதிகாரி, கடலுக்கும் மீனுக்கும் என்ன ஆகும் என்று புதிதாக ஆய்வு செய்துகொண்டு வரும்படி கம்பெனிக்கு உத்தரவு போட்டுக் கூட்டத்தை ஒத்திவைத்தார்.

வெளியே வந்ததும் தேசம்மாவிடம் ஓடினாள் வர்ஷினி.

“அக்கா, இந்தக் கேள்வியை உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தாங்க?”

“தோ, செல்போன நோண்டிகினே போறாரே, அந்த சார்தான். நாலு நாளா மீன் வாங்கற மாதிரி வந்து, இத்த கேளு, இப்டி கேளுன்னு மனப்பாடம் பண்ண வெச்சிட்டாரு” என்று சிரித்தாள் தேசம்மா. “வஞ்சிரத்தக் காட்டி ‘இது வவ்வால் மீனா’ன்னு கேப்பாரு. மூக்க மூடிகினே காசக் குடுத்துட்டு, மீன எங்கிட்டயே வுட்டுட்டுப் போய்டுவாரு, பாவம்!”