டென்வர் போகாத கார்

“மறுபடியும் போக முடியாதா? மூணாவது தடவைப்பா இது!” என்று கத்தினாள் மார்லிஸ். டென்வரில் திங்களன்று அவள் வேலையில் சேர வேண்டும்.

“எம்மேல ஏன் பாயுற? நீயே பாரு.” அவள் காருக்கு ஆயில் மாற்றிய அப்பா ஆர்வில், அறுத்துத் திறந்த பழைய ஆயில் ஃபில்டரின் காகித மடிப்பை வெயிலில் விரித்தார். ஜிகினா கொட்டியதுபோல் உலோகத் துகள்கள். “உன் வண்டி ஃபில்டர் இது. எஞ்சின் தேயுது கண்ணு. நடுரோட்டுல நிப்ப. அப்பாகூட இருக்குறதுல என்ன குறைச்சல்?”

“நாப்பது வயசுக்காரிக்கு எல்லாமே குறைச்சல்தான்!”

ஃபில்டரின் தகர உறையை உதைக்கப் போனவள், குனிந்து எடுத்தாள். மாட்டிய தேதியை அதன்மேல் எழுதிவைப்பது அப்பாவின் வழக்கம். அவர் கையெழுத்தில் இருந்தது மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. அவள் கார் வாங்கியதோ போன வருடம்.

அன்றே அப்பாவின் ஊரான மைனாட்டை விட்டுக் கிளம்பியவள், பிறகு டென்வரில் ஒரு பேக்கரிக்காரரைக் கட்டிக்கொண்டாள். துகள்கள் என்னவோ நிஜம்தான். அது ஆர்வில் தன் டிரக்கிலிருந்து கழற்றிய ஃபில்டர். கல்யாணத்துக்கு மனுஷர் பஸ்ஸில்தான் வந்து இறங்கினார்.