ஞாயிற்றுக்கிழமை கரண்ட்

வாசல் மீட்டர் பெட்டியிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள் தரணி. நைட்டிக்குள் மறைத்து எடுத்து வந்து, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பாயில் படுத்தாள்.

அவள் பிடுங்கியபோதே அப்பாவின் ஓவர்லாக் தையல் மிஷின் ஒரு இழுவை இழுத்து அடங்கியிருந்தது. ஃபேனும் நின்றிருந்தது. நிற்கட்டும். வேர்த்துச் செத்தாலும் பரவாயில்லை, அந்தச் சத்தம் ஓய்ந்தால் போதும்.

பாய் என்றால், பனியன் மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவில் மிச்சம் விழுந்த சந்து. வீரபாண்டியில் அவர்கள் இருக்கும் வீட்டில் முதலில் மிஷினுக்கு இடம், அப்புறம் மூட்டைக்கு, அப்புறம்தான் மனுசருக்கு.

காலையில் அவள் திருட்டுத்தனம் எதுவும் செய்யவில்லை. நேராகத்தான் கேட்டாள். வாரம் பூராவும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் மெயிலுக்குப் பதில் எழுதியே சாகிறேன், இன்று ஒரு நாள் மிஷினில் உட்கார மாட்டேன், சும்மா படுத்திருக்கப் போகிறேன் என்றாள்.

"சும்மா படுத்துக்கறதுக்கா உன்னய பி.காம் படிக்க வெச்சம்?" என்றாள் அம்மா சின்னாத்தாள், பீஸில் தொங்கிய நூல் பிசிறைக் கடித்துத் துப்பிக்கொண்டே.

"ஏசி ரூமுல ஒக்காந்து கம்ப்யூட்டரைப் பாக்கறதுக்கே அம்மிணிக்கு ஒடம்பு வலிக்குதாமா," என்றார் அப்பா.

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். எதற்குச் சேராவிட்டாலும் அவளைக் குத்துவதற்கு மட்டும் சேர்ந்துகொள்வார்கள்.

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அதற்கு நேர் கீழே அவளுடைய ஞாயிற்றுக்கிழமை மிஷின்.

மத்தியானம் வரை அதில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு பனியனுக்குத் தோள் மூட்டினாள். சாப்பிட்ட கையைக் கழுவ வெளியே போனபோதுதான் மீட்டர் பெட்டி கண்ணில் பட்டது.

"ஞாயித்துக்கெழமையில எவன் கரண்டைப் புடுங்குனான்?" அப்பா மிஷினை விட்டு எழாமலே கத்தினார். "ஏ, வெளிய போயி ஃபியூஸ் போச்சான்னு பாரு."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள்.

தரணி கண்ணை இறுக மூடினாள். பயம் இல்லை. மாட்டினால் மாட்டட்டும். சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசை கட்டி வைத்திருந்தாள். நான் உங்களுக்குப் பிறந்தேனா, கம்பெனிக்குப் பிறந்தேனா? கேட்டுவிடுவாள். முதலில் அம்மாவைத்தான் கேட்பாள்.

அம்மா நிதானமாகத்தான் திரும்பி வந்தாள்.

"ஃபியூஸெல்லாம் இருக்குதுங். லைன்லயே வரலியாட்ட இருக்குதுங்."

பார்த்திருக்கவே மாட்டாள். வாசலில் நின்று காற்று வாங்கிவிட்டு வந்திருப்பாள். என்னவோ, நல்லதாய்ப் போயிற்று.

அப்பா மின்வாரியத்தை நாலு வார்த்தை திட்டினார். துண்டை உதறி விரித்து மிஷினுக்கு அடியிலேயே படுத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது.

தரணி உடம்பைத் தளர்த்தினாள். கை ஓய்ந்தது, தோள் ஓய்ந்தது. வலது கால் மட்டும் படுத்த நிலையிலேயே பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. அதை இடது காலால் அமுக்கிப் பிடித்தாள். தானாக நிற்க மாட்டேன் என்கிற அந்தக் காலை வெட்டிப் போடலாம் போல இருந்தது.

போன் அடித்தது.

தைக்கக் கொடுக்கிற பழனிமுத்து. அப்பா கண்ணைத் திறக்காமலே போனை அம்மா பக்கம் தள்ளினார். கெஞ்சுவதற்கு எப்போதும் அம்மாதான்.

"சாயங்காலம் வண்டி வருது. பீஸ் ரெடியா இல்லீன்னா அடுத்த லாட்டை வேற ஊட்டுக்குக் குடுத்துப்போடுவேன், பாத்துக்க!" அவன் கத்தியது தரணிக்கே கேட்டது.

"கரண்டே இல்லீங்," என்றாள் அம்மா. "இந்த லைன் பூராவும் இல்லீங்."

அப்போதுதான் பக்கத்து வீட்டில் குல்சார் பேகம் கிரைண்டரைப் போட்டாள். கல் கடகடவென்று உருளத் தொடங்கியது.

தரணி கண்ணைத் திறந்துவிட்டாள்.

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

வா, இப்போது கேள். தரணி நாக்கைத் தீட்டிக்கொண்டாள்.

அம்மா போனைக் காதோடு அணைத்தபடி எழுந்து போய், அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"சத்தமுங்களா? லாரிங். ரோட்டுல லாரி போவுதுங்... காத்தாலைக்குள்ள முடிச்சுத் தந்தர்றமுங்."

அப்பாவின் குறட்டை நின்றது.

கிரைண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. சாத்திய ஜன்னலைத் தாண்டி நன்றாகவே கேட்டது.

குறட்டை மறுபடி வந்தது. முன்னைவிடச் சத்தமாக.

பழனிமுத்து ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிப் போனை வைத்தான். அம்மா மூட்டையைத் தாண்டி வந்து, காலால் தரணியின் இடுப்பை நெட்டினாள்.

"நவுருடி. ராத்திரிக்கு ஏம் பங்கையுஞ் சேத்து நீயேதான் தெக்கோணும். மாட்டேன்னு சொல்லிப் பாரு, தோலை உரிச்சுப்போடறேன்."

தரணி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அம்மா அவளுக்கு முதுகைக் காட்டிச் சந்தில் சாய்ந்தாள்.

சேர்த்து வைத்த வார்த்தைகள் அத்தனையும் தரணியின் வாயில் அப்படியே இருந்தன. கேட்க வேண்டிய அம்மா அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.