அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

சாப்பாட்டு நேரம். பாஸ்போர்ட் அலுவலகத்தின் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. வெயில் மேசைகளின் மேல் சோம்பிக் கிடக்கிறது. வாயாடி என்று பெயரெடுத்த குமாஸ்தா, பிரபல நடிகை ஒருத்தியின் விவரங்களைக் கணினியில் திறக்கிறாள். டிபன் டப்பாவும் கையுமாக மூன்று பேர் அவள் முதுகுக்குப் பின்னால் நெருக்கியடிக்கிறார்கள். திரையில் மேக்கப் இல்லாத முகம். "ஐயே, இவளா அவ? நம்ம பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருக்கா!" என்று ஒருத்தி சிரிக்கிறாள். கீழே, 'அவசரத்துக்கு அழைக்க: அம்மா' என்று ஓர் எண். "பேசிக் காட்டட்டுமா?" என்றபடி வாயாடி மேசைத் தொலைபேசியிலேயே அந்த எண்ணை அழுத்திவிடுகிறாள். அலுவலகத்தின் பெயர் அந்தப் பக்கத்துக் கைபேசித் திரையில் தெரியுமே என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறார்கள். அம்மாவின் குரல் பதறுகிறது. "பாஸ்போர்ட் ஆபீஸா? வெளிநாடு போன எம்பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?" வாயாடி திரும்பி மற்ற மூவரையும் பார்க்கிறாள். "உயிரோட இருக்காளா? அத மட்டும் சொல்லிடுங்க." கை சுட்டதுபோல் ரிசீவரை வைக்கிறாள். மூன்று பேரும் டிபன் டப்பாக்களை மூடுகிறார்கள். திரையில் நடிகை, சிரிக்காமல், அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தொலைபேசி அடிக்கிறது. எடுத்தால் எதற்கு அழைத்தோம் என்று சொல்லியாக வேண்டும். அடித்து ஓய்கிறது. மறுபடியும் அடிக்கிறது.