பதினோராவது குப்பி

பக்கத்துப் பட்டறையில் லேத் மெஷின் நின்றது.

அடுகோடியின் அந்தச் சின்ன ஆய்வுக்கூடத்தில், சங்கமித்ரா மேசையோடு ஒட்டி உட்கார்ந்து குப்பியையே பார்த்தாள். கண்ணுக்குத் தெரியாத வெள்ளீய ஆக்சைடு படிகங்கள் உள்ளே மிதந்துகொண்டிருந்தன. உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாயிற்று.

இனி அவை தாமாகவே கைகோத்துக்கொள்ள வேண்டும்.

அவசரப்படுத்தினால் கட்டி தட்டி அடியில் உட்கார்ந்துவிடும். கோக்கிற நேரத்தில் அசைத்தாலோ, பிடி விட்டுப்போகும். நிதானமாகச் சேர்ந்தால்தான், நடுவே நுண்துளைகள் விட்டுக் கூழாக உறைந்து, குப்பியைக் கவிழ்த்தாலும் சிந்தாமல் நிற்கும். அந்தத் துளைகளுக்குள் புகும் வாயுவை வைத்துத்தான் சமையலறை கேஸ் கசிவைக் கண்டுபிடிக்கப் போகிறாள்.

பத்துக் குப்பிகள் பாழ். நாலு மணிக்குத் திட்டத்தை மதிப்பிடும் குழு வருகிறது. உறைந்தது ஒன்றையாவது காட்டாவிட்டால் திட்டத்துக்கு இன்றோடு மூடுவிழா. மூன்று வருடமும் போச்சு.

குற்றவாளி லேத்தின் அதிர்வுதான் என்று முடிவுகட்டி, காலையிலேயே பட்டறைக்கார ஓஸ்வால்டிடம் போய்க் கெஞ்சியிருந்தாள்.

"இன்னாம்மா, உன் பாயசம் இன்னுமா கெட்டியாவல? சரி, ஒரு மணி நேரம் நிறுத்துறேன். அதுக்கு மேலன்னா ஆர்டர் குடுத்த பார்ட்டி வந்து என்னைக் கடைஞ்சிடுவான்."

நிறுத்தியும் விட்டார், பாவம்.

ஆனாலும் திரவத்தின் மேல் மெல்லிய வளையங்கள் ஓடின.

ஓசூர் ரோட்டு லாரியா? எட்டிப் பார்த்தாள், தெரு காலியாக இருந்தது. மின்விசிறியா? எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வளையங்கள் நிற்கவில்லை. மணி இரண்டே கால்.

குனிந்து தரை துடைத்துக்கொண்டிருந்த கோவிந்தப்பா, குனிந்தபடியே மேசைக்கு அடியில் பார்த்தார்.

"மேடம், கால்."

அவளுடைய வலது முழங்கால், மேசையில் இடித்து இடித்து, தையல் மெஷின் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

கையால் அழுத்திப் பிடித்தாள். வளையங்கள் அடங்கின. கையை எடுத்தாள். கால் மறுபடி ஆரம்பித்தது. அதற்கும் நாலு மணி தெரிந்திருக்கிறது.

குப்பியைக் கோவிந்தப்பாவின் பொறுப்பில் விட்டுவிட்டு, நேரே பட்டறைக்குப் போனாள். எண்ணெய்ப் பிசுக்கேறிய ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மெஷினைப் போடுங்கண்ணா, தப்பு அது மேல இல்ல" என்றாள். லேத் அலறியது. அவள் இரண்டு கால்களையும் ஆசை தீர ஆட்டினாள்.

மூன்றரை மணிக்குக் கோவிந்தப்பா பட்டறை வாசலில் தெரிந்தார். குப்பியைத் தன் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடித்தபடி, மெல்ல நடந்து வந்தார்.

அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை.