பெஷாவர் மேடையில் ஒரு கேள்வி

மன்றத்தில் பாதி நாற்காலிகள் காலி. உயரமான ஜன்னல் வழியே மாலை வெயில் மேடைமேல் சாய்ந்து கிடக்கிறது. அங்கே பொது விவாதத்துக்கு வந்த இருவர்: வழக்கறிஞர் பல்வஷா, மதரஸா ஆசிரியர் மௌலவி மீர் ஆலம். பல்வஷாவின் அண்ணன் மத நிந்தனை வழக்கில் ஒரு கிறிஸ்தவருக்காக வாதாடினார்; அதற்காகப் போன வருடம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். "அது தப்புன்னு வெள்ளிக்கிழமை தொழுகையில எல்லார் முன்னாடியும் சொல்வீங்களா, மௌலவி சாஹிப்?" என்று அவள் கேட்கிறாள். அவர் வாய் திறப்பதற்குள் வெளியே விவாதத்தை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தின் கோஷம் வலுக்கிறது. ஒரு கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து விழுகிறது. பச்சைத் தேநீர்க் கோப்பை உருள்கிறது. முன்வரிசையில் சிலர் எழுந்து ஓடுகிறார்கள். போலீஸ்காரர் மேடையேறி, "போதும் பீபி, முடிச்சுக்குங்க. பின்வாசல்ல வண்டி நிக்குது" என்கிறார். மேசை விளிம்பைப் பிடித்திருக்கும் பல்வஷாவின் விரல்கள் வெளுத்திருக்கின்றன. ஆனாலும் அவள் எழவில்லை. "இருங்க. அவர் இன்னும் பதில் சொல்லலை." மௌலவியும் எழவில்லை. சால்வையில் சிதறிய கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைக்கிறார். அவர் தாடியோரம் மெல்லிய ரத்தக் கோடு. பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு, மகளே? இப்பவே சொல்றேன். அது கொலை." வாசலில் கட்டிய ஒலிபெருக்கி வழியே அந்தச் சொல் கூட்டத்தின் நடுவே போய் விழுகிறது.