பதினாலு கிலோமீட்டர்

“ராத்திரி நிறுத்தின கார் காலையில பதினாலு கிலோமீட்டர் கூட ஓடியிருக்கு. சாவி இருந்தது உன்கிட்ட. நான் வேற யாரைப் போய்க் கேக்கறது?”

கணக்கு வாத்தியார் வகுப்பில்கூட இவ்வளவு சத்தம் போட்டதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்தும் இடத்தில், அவருக்கு எதிரே வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கம் கலையாத முகத்தோடு குடியிருப்புச் செயலாளர் பக்கத்தில் நின்றார். கொஞ்சம் தள்ளி வாத்தியாரின் மனைவி, ஐந்து மாதக் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

விவகாரம் மூன்று வாரமாகப் புகைந்துகொண்டிருந்தது. போட்ட பெட்ரோல் போன இடம் தெரியவில்லை. காரை மெக்கானிக்கிடம் விட்டார். அந்த மனுஷன் டேங்க் ஒழுகுகிறதா என்று பார்த்தார், ஃபில்டரை மாற்றினார், பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கடைசியில், “வண்டியில ஒரு குறையும் இல்ல சார். உங்களுக்குத் தெரியாம ஓடுதோ என்னவோ. ராத்திரி நிறுத்தும்போது கிலோமீட்டரைக் குறிச்சு வெச்சுப் பாருங்க” என்றார். வாத்தியார் நான்கு நாள் குறித்து வைத்தார். நான்கு நாளும் காலையில் பதினாலு கூடியிருந்தது.

சந்தேகப்பட வேறு ஆளே கிடையாது. இடம் போதாமல் அங்கே கார்கள் ஒன்றை மறித்துக்கொண்டு ஒன்று நிற்கும். பின்னால் மாட்டிக்கொண்டவர் விடிகாலையில் கிளம்பினால், முன்னால் நிற்பதை அவரே நகர்த்திக்கொள்ள வேண்டும். அதற்காக முன்வரிசைக்காரர்கள் சாவியை வாட்ச்மேன் அறையின் ஆணிப் பலகையில் மாட்டிவிட்டுத்தான் மாடி ஏறுவார்கள். வாத்தியாரின் கார் முன்வரிசை.

தனக்கு ஸ்டியரிங் பிடிக்கவே தெரியாது என்று வாட்ச்மேன் மெதுவாகச் சொன்னார்.

“தெரிஞ்சவனுக்கு எடுத்துக் கொடுத்திருப்பே. பின்சீட்டு தினமும் ஈரம், நாத்தம் வேற. எந்தக் குடிகாரனையெல்லாம் ஏத்தி இறக்கறீங்க?”

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். வாத்தியாரின் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி வாயை மூடிக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டார். திருட்டு முழி முழிக்கிறான் பார் என்று வாத்தியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கேமராவும் ஒரு மாதமாகப் பழுதாகிக் கிடந்தது. ஒரு நாள் விழித்திருந்து கையும் களவுமாகப் பிடித்திருக்கலாமே என்று செயலாளர் கேட்டார். விழித்திருப்பதாவது! குழந்தை பிறந்ததிலிருந்து ராத்திரி முழுக்க அழுகைதான், பொட்டுத் தூக்கம் இல்லாமல் பள்ளிக்கூடத்தில் நின்றபடியே தூங்கி விழுந்தேன், டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகுதான் மனுஷனாக நடமாடுகிறேன், அதைப் போட்டால் தலையில் இடி விழுந்தாலும் தெரியாது என்று வாத்தியார் தன் கதையைக் கொட்டினார்.

மனைவிக்கு மனசு கேட்கவில்லை. “விட்டுடுங்க, பாவம். இப்பதான் பாப்பாவும் ராத்திரி அழாம தூங்க ஆரம்பிச்சிருக்கா. நாமளும் நிம்மதியா இருக்கோம். யார் வயித்தெரிச்சலும் நமக்கு வேண்டாங்க.”

வாத்தியார் மசியவில்லை. தப்பென்றால் தப்புதான், பாதி மார்க் போடுகிற வழக்கமே அவரிடம் கிடையாது. ஒன்று இந்த ஆள் போக வேண்டும், இல்லையென்றால் நான் போலீசுக்குப் போவேன் என்று ஒரே பிடியாக நின்றார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரே அறையில் வாட்ச்மேன் தன் மனைவியோடு இருந்தார். வேலை போனால் அந்தக் கூரையும் போகும். அது தெரிந்த செயலாளர், ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்பதுபோல் அவரையே பார்த்தார். வாட்ச்மேன் தலையை நிமிர்த்தவே இல்லை. சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டுச் செயலாளர் மாடிக்குப் போனார். குழந்தை பாலுக்குச் சிணுங்கியதால் மனைவியும் போனாள்.

வாத்தியார் பின்சீட்டைத் துடைக்கத் துணியை எடுத்தார். வாட்ச்மேன் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா இருந்தாங்கன்னுதான் சார் பேசாம இருந்தேன். நீங்களும் அவங்ககிட்ட மறைக்கத்தான் இப்படிச் சத்தம் போடறீங்கன்னு நெனச்சேன். ‘அவ தூங்கட்டும், அவளுக்குத் தெரிய வேண்டாம்’னு முதல் நாளே சொன்னீங்களே.”

“நான் சொன்னேனா? எதை?”

“பாப்பா அழுதா தோள்ல போட்டுக்கிட்டு இறங்கி வர்றீங்களே, அதை. கார்ல ஒரு சுத்து போனா தூங்கிடும்னு சொன்னீங்க. தினமும் சாவி எடுத்துக் கொடுத்து, கேட்டைத் திறந்து விடறது நான்தானே சார். கண்ணு திறந்துதான் இருக்கும், ஆனா எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டீங்க.”

வாத்தியாரின் கையிலிருந்து துணி விழுந்தது. மாத்திரை, பெட்ரோல், சீட்டின் ஈரம், குழந்தையின் புதுத் தூக்கம் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார்.

“பரவாயில்ல சார், நான் போறேன். புதுசா வர்றவன்கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க, அந்த நேரத்துல அவன் கண்ணசந்துடக் கூடாது. நேத்து நீங்க பாப்பாவை இதோ, இப்ப கை வெச்சிருக்கீங்களே, அங்க படுக்க வெச்சுட்டு வண்டியைக் கிளப்பிட்டீங்க. நான்தான் ஓடி வந்து எடுத்து உள்ள படுக்க வெச்சேன்.”